முத்திரை இடுப்பில் இருக்கிறது

— உக்காரு. ஆனா எதையும் குடுன்னு கேக்காத.

— இன்னும் வணக்கமே சொல்லலையே, தெனிங் அக்கா.

— சொல்லிக்க. உங்க ஊர்ல மழை எப்படி, நெல்லு எப்படி, எல்லாம் சொல்லு. குடுன்னு மட்டும் கேக்காத. வண்டியில இருந்து இறங்கும்போதே பாஸ்கல் ஜாத்தான்னு பேரைச் சொல்லிட்ட. ஜாத்தான்னா ஜோலா இனம். ஜோலாக்காரன் ஒண்ணைக் குடுன்னு கேட்டுட்டா என்னை மாதிரி செரேர் இனத்துக்காரி இல்லைன்னு சொல்ல முடியாது. அதான் முன்னாடியே வாயைக் கட்டிட்டேன்.

— நீங்க கேட்டாலும் நான் இல்லைன்னு சொல்ல முடியாது. அதையும் சேத்துச் சொல்லுங்க.

— உன்கிட்ட கேக்கறதுக்கு என்ன இருக்கு? ஒரு தோல் பை, இஸ்திரி போட்ட ஒரு சட்டை. அடிமைக்கு இதுவே அதிகம்.

— எங்கம்மா வேற மாதிரி சொன்னாங்க. ஜோவால் பக்கம் போறியே, அங்க நம்ம அடிமைங்க நிறைய இருக்காங்க, கம்மங்கூழைக் குடிச்சுட்டுத் தூங்கிக்கிட்டிருப்பாங்க, தட்டி எழுப்பிப் பேசுன்னாங்க.

— யாருடா அடிமை? ஆதியில அக்காவும் தங்கச்சியும் ஏறின படகு நடுக்கடல்ல ரெண்டாப் பொளந்துச்சு. புத்தியுள்ளவ இங்க கரையேறினா, அவ பிள்ளைங்க நாங்க. சோத்துப் பானையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு தெக்கால மிதந்து போனவ பிள்ளைங்க நீங்க.

— பானையை விடாததனாலதான் நாங்க இன்னைக்கும் அரிசிச் சோறு திங்கறோம்.

— வாய் இருக்கு உனக்கு. இந்தா டீ, மூணுல முதல் குவளை. கசக்கும்.

— டிரைவருக்கும் ஒண்ணு குடுங்க அக்கா.

— வண்டிக் கண்ணாடியை இறக்கி வச்சுட்டு இங்கயே முறைச்சுக்கிட்டிருக்கானே, அவனுக்கா? யாரு அவன்?

— எங்க கம்பெனி டைரக்டரோட மச்சான். வண்டியும் ஓட்டுவாரு. காதும் நல்லா கேக்கும்.

— ஓகோ. வண்டிக்கு டிரைவர், உனக்குக் காவல்காரன்.

— அதனால நாம நல்லதா நாலு வார்த்தை பேசுவோம். அதாவது அக்கா, கம்பெனி இங்க குளிர்பதன அறை கட்டும். சூரிய அடுப்பு வரும். உங்க கண்ணைக் கெடுக்கற புகை இருக்காது. பொட்டலம் போட்டு, மேல சீட்டு ஒட்டி, வெளிநாட்டுக்கு அனுப்பலாம். கடல்பொருள் பதப்படுத்தும் துறை இப்ப நாட்டுலயே வேகமா வளர்ற துறை.

— நல்லா ஒப்பிக்கிற. எத்தனை நாள் பழக்கினாங்க?

— ரெண்டு நாள்.

— இதையெல்லாம் நாங்களே கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, தெரியுமா? குளிர் அறை வேணும், மீனைச் சோதிச்சுப் பாத்த சான்றிதழ் வேணும்னு எங்க பொம்பளைங்க சங்கத் தலைவிங்கற முறையில மனு எழுத வச்சு, தலைநகர் தகர் வரைக்கும் நானே போனேன். தொழில் தொடங்கறவங்களுக்கு எல்லாத்தையும் ஒரே சன்னல்ல முடிச்சுத் தர்றோம்னு ஒரு ஆபீஸ். ஒரே சன்னல்தான், பொய் சொல்லல. அது மூடியே கிடந்துச்சு. நாங்க கேட்டப்ப திறக்காத சன்னல் உன் கம்பெனிக்கு மட்டும் எப்படித் திறந்துச்சு?

— அது எனக்கு மேல இருக்கறவங்க சமாச்சாரம்.

— எல்லாருக்கும் மேல யாராவது இருக்காங்க. எனக்கு மேல இந்தப் புகைதான் இருக்கு. நடுக்கடல்ல எரிவாயு எடுக்கறாங்க, புதுத் துறைமுகம் கட்டறாங்க, தகர்ல எந்த ஓட்டல் வாசல்ல நின்னாலும் கோட்டுப் போட்டவன் முதலீடு முதலீடுங்கறான். வரட்டும், நான் வேணாங்கல. என் பொண்ணு கணக்குப் பதிவு படிக்கிறா, அவளுக்கும் நாளைக்கு ஒரு வேலை வேணும்ல. ஆனா வர்றவன் எல்லாம் ஏன் நாங்க மீனைப் புகைபோட்டுக் காயவைக்கற இந்தப் புகைமேட்டையே பாக்கறான்? அறுபத்திரெண்டு பொம்பளைங்க அடுப்பு வச்சிருக்கற மண்ணு. கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கறதனாலயா?

— ஆமா. அதனாலதான்.

— உண்மையைச் சொல்லிட்ட.

— உங்ககிட்ட பொய் சொன்னா எனக்கு வாய் கோணிக்கும்னு எங்கம்மா பயமுறுத்தி வச்சிருக்காங்க. வேற ஏதாவது வேணுமா அக்கா? வேணும்னா கேளுங்க.

— ஒண்ணும் வேணாம். இன்னொரு உண்மை சொல்லு. கம்பெனி மீனை என்ன பண்ணப் போகுது? கருவாடா, மாவா?

— ஒப்பந்தத் தாள்ல பதப்படுத்தல்னு போட்டிருக்கு.

— நான் தாளைக் கேக்கல, உன்னைக் கேக்கறேன். வடக்கால இப்படித்தான் ஒரு கம்பெனி வந்துச்சு. சாளையை மொத்தமா வாங்கி, வேகவச்சு, அரைச்சு, மாவாக்கி, கப்பல்ல ஏத்திடுச்சு. எங்கயோ பண்ணையில வளர்ற மீனுக்குத் தீனியாம். மீனைக் கொண்டு போய் மீனுக்கே போடறாங்க. அங்க இருந்த பொம்பளைங்க இப்ப கூடையைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்திருக்காங்க. கருவாடு வாங்க வர்ற புர்கினா லாரி, மாலி லாரி ஒண்ணும் அந்த ஊர்ப் பக்கம் திரும்பறதில்ல. மாவா, கருவாடா?

— அக்கா, இருமல் வருது. டீ கசக்குது.

— அப்போ மாவு.

— நான் ஒண்ணும் சொல்லலையே.

— நீ இருமினதே போதும். இந்தா, ரெண்டாவது குவளை. இதுல கொஞ்சம் சர்க்கரை இருக்கு, உன் கம்பெனி பேச்சு மாதிரி. இப்ப இதைச் சொல்லு. தகர்ல படிச்சவன் ஆயிரம் பேர் வேலையில்லாம நிக்கறான். போன மாசம் வோலோஃப் இனத்துப் பையன் ஒருத்தன் வந்தான், கண்ணாடி போட்டவன். அழகாப் பேசினான். முடியாதுன்னேன், போயிட்டான். அடுத்து ஒரு பொம்பளை வந்தா. அவளுக்கும் முடியாதுன்னேன். மூணாவதா உன்னைத் தேடிப் பிடிச்சு அனுப்பியிருக்காங்க. தெக்கால காசமான்ஸ்ல நெல்லுக்குள்ள கிடந்த உன்னை. ஏன்?

— நான் விவசாயப் படிப்பு படிச்சிருக்கேன் அக்கா. ரெண்டு வருஷமா வேலை கிடைக்காம வாடகை மோட்டார் பைக் ஓட்டினேன்.

— ஏன்னு கேட்டேன்.

— இண்டர்வியூல பேரைக் கேட்டாங்க. பாஸ்கல்னேன். அது இல்ல, வீட்டுப் பேருன்னாங்க. ஜாத்தான்னேன். ஜோலாவா, ரொம்ப சந்தோஷம், திங்கக்கிழமை வந்துடுன்னாங்க. என்ன படிச்சேன்னு கேக்கவே இல்ல. சான்றிதழை பையில இருந்து எடுக்கக்கூட விடல.

— பாத்தியா. வேறெவன் கேட்டாலும் முடியாதுன்னு சொல்லிடுவா, ஜோலாக்காரன் கேட்டா மட்டும் இவளால மாட்டேன்னு சொல்ல முடியாதுன்னு எவனோ அவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். ரெண்டு இனத்துக்கும் சண்டை வரக்கூடாதுன்னு பாட்டன் பூட்டன் வச்சுட்டுப் போன கேலி உறவு. கல்யாண வீட்ல உங்க ஆள் வந்து ஆட்டை அவுத்துக்கிட்டுப் போனாலும் நாங்க சிரிப்போம். அந்தச் சிரிப்பையே சாவியாக்கி என் வீட்டைத் திறக்கப் பாக்கறாங்க. உனக்கு இது தெரியும்ல?

— தெரியும்.

— தெரிஞ்சும் வந்திருக்க.

— வந்திருக்கேன்.

— வெக்கமா இல்ல?

— இருக்கு அக்கா. சட்டைக்கு இஸ்திரி போடும்போதே இருந்துச்சு.

— கேட்டுக்க. சங்கத்து முத்திரையை இதோ என் இடுப்புத் துணியில முடிஞ்சு வச்சிருக்கேன். குளிக்கும்போதும் இது என்னை விட்டுப் போகாது. அது விழாம உன் தாள் வெறும் தாள். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, மத்தியானம் தொழுகைக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள பதிவு பண்ணலைன்னா உங்க ஆளுங்களுக்கு அனுமதி தவறிப் போகுமாம். சந்தை பூரா பேசறாங்க. அதனால நீ கேக்கப் போற. ஒரே ஒரு தடவை, முத்திரையைக் குத்துங்க அக்கான்னு கேப்ப. நான் குத்தித்தான் ஆகணும். குத்தினா அறுபத்திரெண்டு வீட்ல அடுப்பு அணையும். அதுக்குத்தான் உக்காந்ததுல இருந்து நான் பேசிக்கிட்டே இருக்கேன், உனக்கு இடமே குடுக்காம.

— இடம் நிறையவே குடுத்தீங்க அக்கா. டீயை ஊத்தறப்போ குடுத்தீங்க, அடுப்பை ஊதறப்போ குடுத்தீங்க. நான் கேட்டேனா?

— இல்ல. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமா இருக்கு. கேக்க வந்தவன் ஏன் கேக்காம உக்காந்திருக்கான்? நான் அசந்து போற நேரம் பாக்கறியா?

— இந்தத் தாளைப் பாருங்க.

— பேச்சை மாத்தற.

— மாத்தல. பாருங்க. ஏழாம் பக்கம்.

— நீ படி.

— நான் படிச்சா எனக்கு வேணுங்கறதைத்தான் படிப்பேன். நீங்களே படிங்க. கண்ணாடியைப் போட்டுக்குங்க.

— நாலாவது வரைக்கும் படிச்சவ நான், எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவசரப்படுத்தாத. சங்க... உறுப்பினர்... பட்டியல். நிலத்துக்குப் பதிலாக ஒவ்வொருத்தரும் எடுத்துக்கொண்ட கம்பெனிப் பங்குகள். பங்கா? யாரு பங்கு எடுத்தா?

— கீழ பேரு இருக்கு. பக்கத்துல கையெழுத்து, கைநாட்டு. அதுக்குப் பக்கத்துல எண்ணிக்கை.

— மொசான், நாப்பத்திரெண்டு பங்கு. நிலான், முப்பத்தொம்பது பங்கு. கும்பா, முப்பத்தாறு. இது அவங்க கையெழுத்துதான். மொசான் ஒரு மீன் முள்ளு மாதிரி கீச்சுவா, இது அவளேதான். அடிப்பாவிகளா. எனக்குத் தெரியாம எல்லாரும் போட்டுட்டாளுகளா? நேத்து ராத்திரிகூட மொசான் என் பக்கத்துல உக்காந்து சோறு தின்னா. ஒரு வார்த்தை சொல்லலையே.

— அவசரப்பட்டு யாரையும் திட்டாதீங்க.

— நீ சும்மா இரு. என் தங்கச்சி சிகா பேரும் இருக்கு. முப்பத்தெட்டுன்னு போட்டு, அடிச்சு, நாப்பதுன்னு எழுதியிருக்கு. கூடப் பொறந்தவளும் ரெண்டு பங்கு அதிகமா வாங்கிக்கிட்டாளா? நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், வெளிய வண்டியில இருக்கறவனைச் சந்தேகப்பட்டேன். வீட்டுக்குள்ள இருக்கறவளைச் சந்தேகப்படலையே.

— அந்த நம்பரை இன்னொரு தடவை பாருங்க அக்கா. முப்பத்தாறுக்குக் கீழ ஒண்ணும் இல்ல, நாப்பத்திரெண்டுக்கு மேல ஒண்ணும் இல்ல. அறுபத்திரெண்டு பேருக்கும் இப்படியா வரும்?

— அதுக்கு என்ன?

— எனக்கு என்ன தெரியும்? நான் மிதந்து போனவ பிள்ளை. கரையேறின புத்திசாலி நீங்க.

— மொசானுக்கு நாப்பத்திரெண்டு. கும்பாவுக்கு முப்பத்தாறு. மொசான் காலு படகு மாதிரி இருக்கும். கும்பா காலு பச்சப்பிள்ளை காலு. சிகாவுக்கு முப்பத்தெட்டு கடிக்குதுன்னு சொல்லி... ஏய்.

— சொல்லுங்க.

— இது பூட்ஸ்.

— சத்தம் போடாதீங்க.

— ரப்பர் பூட்ஸ்டா இது. மழைக்காலத்துக்கு முன்னாடி சுத்தமா மீனைக் கையாளுறது எப்படின்னு பாடம் நடத்தறோம்னு ரெண்டு பேரு வந்தாங்க. மூணு நாள் பாடம். கடைசில ஆளுக்கொரு பூட்ஸ், ஒரு ஜோடி கையுறை. வாங்கினதுக்குக் கையெழுத்துப் போடுன்னு ஒரு நோட்டை நீட்டினாங்க. சிகா முதல்ல முப்பத்தெட்டு வாங்கிட்டுப் போயி, விரல் கடிக்குதுன்னு திரும்பி வந்து நாப்பது வாங்கினா. நான்தான் கூடப் போய்ச் சண்டை போட்டு மாத்திக் குடுத்தேன். பூட்ஸ் நம்பரை பங்குன்னு மாத்திட்டீங்க. அந்த நோட்டுத் தாளைக் கிழிச்சு இதுல தைச்சிட்டீங்க.

— நான் தைக்கல.

— நீ தூக்கிக்கிட்டு வந்தியே. பொம்பளைங்க கால் அளவைக் காட்டி அவங்க நிக்கற மண்ணையே எழுதி வாங்கப் பாக்கறீங்க. பாவம் மொசான், ரெண்டு நிமிஷம் அவளைத் துரோகின்னு நெனச்சேன். அதுக்கும் சேத்து உன்னைத் திட்டணும்போல இருக்கு. எழுந்திரு. டீ முடிஞ்சுது.

— மூணாவது குவளை இன்னும் வரல.

— திருடனுக்கு மூணாவது குவளை கிடையாது.

— ஜோலாக்காரனை ரெண்டு குவளையோட அனுப்பினா செரேர்க்காரி கஞ்சப்பிசினாறின்னு ஊர் பூரா சொல்லுவேன்.

— இந்தா, குடிச்சுத் தொலை. குடிச்சுட்டு உன் தாளை எடுத்துக்கிட்டுப் போ. என் முத்திரை கிடைக்காட்டி என்ன, உங்க ஆளுங்க நாளைக்கு ஒரு கள்ள முத்திரை செஞ்சு குத்திக்குவாங்க. கையெழுத்தையே திருடினவனுக்கு முத்திரை பெரிய விஷயமா.

— ஆமா. நாளைக்கு வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. இன்னைக்கே நடக்கும். இந்த அசல் தாள் ஆபீசுக்குத் திரும்பிப் போயிட்டா, அவ்வளவுதான்.

— அசல் இது ஒண்ணுதானா?

— கைநாட்டு மையோட இருக்கறது இது ஒண்ணுதான். நகல் எங்கயும் செல்லாது. சரி, நான் கிளம்பறேன் அக்கா. பையை இன்னும் மூடலை. வேற ஏதாவது வேணுமா? வேணும்னா கேளுங்க.

— வந்ததுல இருந்து இதையேதான் சொல்ற. வேணுமா வேணுமான்னு. உன்கிட்ட எனக்கு என்ன...

— என்ன அக்கா?

— இரு. உக்காரு.

— உக்காந்துட்டேன்.

— நீ கேட்டுடுவியோன்னு பயந்து பயந்தே காலைப்பொழுது பூரா வீணாப் போச்சு. எனக்கும் வாய் இருக்குங்கறதை மறந்துட்டேன். அந்தத் தாளை எனக்குக் குடு.

— காதுல விழல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.

— தாளைக் குடுன்னேன்.

— இன்னும் சத்தமா. காத்து அடிக்குது.

— பாஸ்கல் ஜாத்தா, தெனிங் ங்கோம் கேக்கறேன், செரேர்க்காரி கேக்கறேன், உன் கையில இருக்கற அந்தத் தாளை மொத்தமா எனக்குக் குடு. குடுக்க மாட்டேன்னு சொல்லிப் பாரு, உன் ஊர் வரைக்கும் நடந்து வந்து உங்கம்மாகிட்ட சொல்லுவேன்.

— ஐயோ அக்கா. அதைப் போய்க் கேட்டுட்டீங்களே. என் வேலையே போயிடுமே. டைரக்டருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன். வேற எதைக் கேட்டாலும் குடுத்திருப்பேனே. இந்தாங்க.

— என்ன, குடுத்துட்ட?

— இந்தாங்க, சீக்கிரம் பிடிங்க. இடுப்புல சொருகுங்க, முத்திரை பக்கத்துல.

— இது அசல்தானா? இவ்வளவு சுலபமாக் குடுக்கறியே. உள்ள ஏதாவது சூது இருக்கா?

— எச்சில் தொட்டுத் தடவிப் பாருங்க. மை கையில ஒட்டும்.

— ஒட்டுது. அந்த டிரைவர் காதுல விழணும்னுதான் என்னைச் சத்தமாக் கேக்க வச்சியா? டிரைவர் வண்டியை விட்டு இறங்கிட்டான். போனை எடுக்கறான்.

— எடுக்கட்டும். என்ன நடந்துச்சுன்னு அவன் வாயாலயே டைரக்டர் கேக்கட்டும். நானா எடுத்துக் குடுத்திருந்தா அது திருட்டு, இன்னைக்குச் சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன்ல இருப்பேன். செரேர்க்காரி கேட்டு ஜோலாக்காரன் குடுத்தான்னா எந்தப் போலீஸ்காரனும் சிரிச்சுட்டுப் போயிடுவான். மெதுவாப் பேசுங்க அக்கா, மூஞ்சியைக் கோவமா வச்சுக்குங்க. ஏழாம் பக்கத்தை நான் செவ்வாய்க்கிழமையே பாத்துட்டேன்.

— செவ்வாய்க்கிழமையேவா? அப்போ நீ முத்திரையைக் கேக்க வரலையா?

— நான் கேக்க வரல அக்கா. நீங்க கேப்பீங்கன்னுதான் வந்தேன்.